சுருட்டைச் சூறாவளி விவகாரம் பற்றி அக்காவுக்கு ஒரு விளக்கம்

வில்லோ ஃபோர்க், இண்டியானா
ஆகஸ்ட் கடைசி ஞாயிறு, மதியச் சாப்பாட்டுக்குப் பின்

மதிப்பிற்குரிய அக்கா ரோபர்ட்டா அவர்களின் பார்வைக்கு, தம்பி டுவைட் மிகுந்த பணிவுடன் எழுதிக்கொள்வது.

இங்கே நானும் மார்லாவும் சுகம். அங்கே அயோவாவில் தங்கள் முழங்கால், தங்கள் பூனைகள், தங்கள் தக்காளிச் செடிகள் யாவும் சுகமாக இருக்க வேண்டிக்கொள்கிறேன். தாங்கள் அனுப்பிய தபால் அட்டை வந்து சேர்ந்தது. அதில் ‘விளக்கம் தேவை’ என்ற இரண்டு சொற்களைத் தவிர வேறொன்றும் இல்லை. சிவப்பு மையில் எழுதியிருந்தீர்கள். தலைமையாசிரியை வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் அந்த மையை விடாமல் வைத்திருக்கிறீர்கள் என்பதைக் கண்டதும், அறுபத்தாறு வயதிலும் நான் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்துவிட்டேன். எங்கள் மகள் ஹெய்டி தங்களுக்குப் போன் செய்து, அப்பாவுக்கு மூளை பிசகிவிட்டது, அம்மாவின் கடைச் சாமான்களைக் கொடுத்துப் பொம்மை லாரி வாங்கினார், அந்த லாரி தேவாலயத் தோட்டத்துக்குள் புகுந்து அட்டகாசம் செய்தது என்றெல்லாம் சொன்னதாகவும், நேற்றிரவு மறுபடி போன் போட்டு, அம்மா மாவட்டச் சந்தையில் நடுவரை அடிக்கப் போனாள் என்று சொன்னதாகவும் அறிகிறேன். எல்லாமே நடந்ததுதான். ஆனால் அது பொம்மை இல்லை அக்கா. அதை மட்டும் முதலில் திருத்திக்கொள். ‘தாங்கள்’ போட்டுத் தொடர்ந்து எழுதினால் கை வலிக்கிறது. இனிமேல் ‘நீ’தான்.

உனக்குத் தெரியாத ஒரு சங்கதி உண்டு. யாருக்கும் சொல்லக்கூடாது என்று மார்லா என்னிடம் சத்தியம் வாங்கியிருந்தாள். நேற்றோடு அந்தச் சத்தியத்துக்கு அவசியம் இல்லாமல் போய்விட்டதால் சொல்கிறேன். போன குளிர்காலத்தில் அவள் முடி திருத்தும் கடையை மூடியது களைத்துப் போய் அல்ல. முப்பது வருஷம் கத்தரி பிடித்த வலது கை மணிக்கட்டில் அறுவை செய்தார்களே, அதற்குப் பிறகு அந்தக் கை மூடவே இல்லை. விரல்கள் பாதி வளைந்து அப்படியே நின்றுவிட்டன. முள்கரண்டி பிடித்தால் நழுவி விழும். அதனால் யார் முன்னாலும் சாப்பிட மாட்டாள். பயிற்சிக்கென்று ஆஸ்பத்திரியில் கொடுத்த ரப்பர் பந்தைப் பக்கத்து வீட்டு நாய்க்குத் தூக்கிப் போட்டுவிட்டாள். தேவாலயத்துக்குப் போவதையும் நிறுத்திவிட்டாள். அங்கே போனால் எல்லாரும் கைகுலுக்குவார்கள், அதுதான் காரணம். ஊரிலுள்ள அத்தனை தலைகளையும் தொட்ட கை அது. சமையலறைத் திரையை இழுத்துவிட்டு நாள் பூராவும் உட்கார்ந்திருப்பாள். நான் ஏதாவது கேட்டால் ஒற்றைச் சொல்லில் பதில் வரும். ஊரெல்லாம் தண்ணீர் மீட்டர் கணக்கெடுத்து ஓய்ந்தவன் நான். எந்த நாய்க்கும் பயப்படாதவன். அந்தச் சமையலறைக்குள் போக மட்டும் பயந்தேன்.

மே மாதம் ஒரு நாள், “கொட்டகையில கிடக்குற அந்த மூணு நாற்காலியையும் வித்துட்டு வா. என் கண்ணுல படக்கூடாது” என்றாள். தலைக்கு மேல் அண்டாவைக் கவிழ்த்ததுபோல இருக்குமே, முடி காயவைக்கும் நாற்காலிகள், அவைதாம். மாவட்டச் சந்தைத் திடலில் பழைய சாமான் விற்கிற கூட்டம் கூடும் சனிக்கிழமை வண்டியில் ஏற்றிக்கொண்டு போனேன். மதியம்வரை ஒருவரும் விலை கேட்கவில்லை. இரண்டு பேர் உட்கார்ந்து பார்த்தார்கள், ஒருவர் தூங்கியே போய்விட்டார். அப்போதுதான் எதிர்க் கடையில் அதைப் பார்த்தேன். அக்கா, எப்படிச் சொல்வது! ரிமோட்டில் ஓடுகிற சின்ன மான்ஸ்டர் டிரக், நடுத்தர நாய் அளவு இருக்கும். முட்டைக்கோஸ் மாதிரி பருத்த நாலு சக்கரம், நாலு சக்கரத்துக்கும் எண்ணெய் அடைத்த ஸ்பிரிங். உடம்பெல்லாம் காய்ந்த சேறு, முகப்பில் பாதியைக் காணோம், மீன் நாற்றம் வேறு. அது என்னைப் பார்த்தது. சிரிக்காதே. பார்த்தது.

அதன் சொந்தக்காரன் பூன் டாக்கெட் என்ற ஆள். தாடி மார்பு வரைக்கும் தொங்கியது. “ஓட்டிப் பாருங்க பெரியவரே” என்று ரிமோட்டைக் கையில் திணித்தான். துப்பாக்கி மாதிரி பிடி, பக்கவாட்டில் திருப்புவதற்கு ஒரு சின்னச் சக்கரம். விசையைத் தொட்டேன். அவ்வளவுதான், அது புழுதியைக் கிளப்பிக்கொண்டு போய் ஒரு குப்பைத்தொட்டிமேல் ஏறி மறுபக்கம் குதித்தது. நான் கத்தினேன் என்று பிறகு சொன்னார்கள். எனக்கு நினைவில்லை. “என்ன குடுப்பீங்க?” என்றான். “என்கிட்ட இருக்கிறது அந்த நாற்காலிங்கதான்” என்றேன். அவன் திரும்பிப் பார்த்தான். முகம் மாறிவிட்டது. “அட! என் பொண்டாட்டி அடுத்த மாசம் சலூன் தொறக்குறா பெரியவரே! ஆறு மாசமா இதத்தான் தேடிக்கிட்டு இருக்கா!” இரண்டு பேரும் கைகுலுக்கினோம். உலகத்தில் அன்று எங்களைவிடச் சந்தோஷமான இரண்டு முட்டாள்கள் இருந்திருக்க மாட்டார்கள்.

வீட்டுக்கு வந்து சமையலறை மேஜைமேல் அதை வைத்தேன். மார்லா அதைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுபடி அதைப் பார்த்தாள்.

“நாற்காலி எங்க?”

“வித்துட்டேன்.”

“எதுக்கு?”

கையால் காட்டினேன்.

“டுவைட், நான் உன்னைக் கல்யாணம் பண்ணும்போது எங்கம்மா ஒண்ணு சொன்னா. அன்னைக்கு நான் அவளோட சண்டை போட்டேன். இப்ப அவ உயிரோட இல்லியேன்னு இருக்கு, இருந்தா மன்னிப்புக் கேட்டிருப்பேன்” என்றாள். எனக்கு எப்படியிருந்தது தெரியுமா? அழுகை வரும்போல இருந்தது. திட்டியதற்காக இல்லை. நாலு மாதத்தில் அவள் சேர்ந்தாற்போல் பேசிய முதல் பேச்சு அது.

அடுத்த ஞாயிறு, பின்புறப் புல்வெளியில் முதல் ஓட்டம். எங்கள் வேலிக்கு அந்தப் பக்கம் தேவாலயத் தோட்டம், உனக்குத் தெரியும். அன்று அங்கே ஐஸ்கிரீம் விருந்து. நீள மேஜை, வெள்ளை விரிப்பு, வரிசையாகப் பழத்துண்டு அடைத்துச் சுட்ட ‘பை’ என்கிற பலகார வகைகள். ஊரே கூடியிருக்கிறது. நான் வேலியோரமாகத்தான் ஓட்டினேன், அமைதியாகத்தான் ஓட்டினேன். ஒரு விஷயம் மட்டும் எனக்குத் தெரியாது. ரிமோட்டின் பேட்டரி செத்துவிட்டால் வண்டி தானாக நிற்கிற மாதிரி ஒரு ஏற்பாடு அதற்குள் உண்டாம். முன்னாலிருந்த எவனோ அதை மாற்றி வைத்திருக்கிறான். பேட்டரி செத்தது. வண்டி நிற்கவில்லை, உச்ச வேகத்தில் பிய்த்துக்கொண்டு போனது. வேலிக்குக் கீழே நுழைந்தது, பாதிரியார் ஹார்ம்ஸின் இரண்டு கால்களுக்கு நடுவே போனது, மேஜைக்கடியில் புகுந்தது. வெளியே வரும்போது வெள்ளை விரிப்பும் கூடவே வந்தது. விரிப்பு போனால் பைகள் நிற்குமா? செர்ரி, பீச், ருபார்ப் எல்லாம் புல்லில் கவிழ்ந்தன. முக்காடு போட்ட கல்யாணப் பெண் யாரோடோ ஓடிப்போகிற மாதிரி அந்த வண்டி வெள்ளைத் துணியை இழுத்துக்கொண்டு தோட்டம் முழுக்கச் சுற்றுகிறது, பின்னாலேயே பாடகர் குழு துரத்துகிறது. நான் வேலியில் ஏறப் போய்க் கால்சட்டை மாட்டிக்கொண்டு தலைகீழாகத் தொங்குகிறேன். “மார்லா!” என்று அலறினேன். வேறு யாரைக் கூப்பிடுவது?

வந்தாள் அக்கா. வீட்டு அங்கியோடு, பஞ்சுச் செருப்போடு, நாலு மாதமாக யார் கண்ணிலும் படக்கூடாது என்று ஒளிந்திருந்தவள், அத்தனை பேர் நடுவிலும் ஓடினாள். விரிப்பின் நுனியை மிதித்து நிறுத்தி, வண்டியை இரண்டு முழங்கைக்கும் நடுவில் அள்ளி, தலைகீழாகப் பிடித்தாள். சக்கரங்கள் காற்றில் சுழன்று ஐஸ்கிரீமைப் பாதிரியார் முகத்தில் தெளித்தன. பாதிரியார் என்ன செய்வது என்று தெரியாமல் பழக்கதோஷத்தில் கைகுலுக்கக் கையை நீட்டினார். மார்லா அந்தக் கையைப் பார்த்தாள். பிறகு சிரிக்க ஆரம்பித்தாள். முதலில் சத்தமே இல்லை, தோள்தான் குலுங்கியது, அழுகிறாள் என்று நினைத்து எனக்கு உயிரே போய்விட்டது. அப்புறம் அது பெரிதாகி, நிற்க முடியாமல் அந்த ருபார்ப் பைமேலேயே உட்கார்ந்துவிட்டாள். ஊர்ப் பெண்கள் எல்லாம் சுற்றி உட்கார்ந்து, “எங்கடி போயிருந்தே இத்தனை நாளா? எங்க தலையெல்லாம் பாரு, புதர் மாதிரி கிடக்கு!” என்று அவள் தோளைப் பிடித்துக்கொண்டார்கள். ஹெய்டி சொன்ன ‘அட்டகாசம்’ இதுதான்.

வீட்டுக்கு வந்ததும் நான் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தேன். அவள் வண்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இது வலது பக்கமா இழுக்குது டுவைட். நீ கவனிக்கல? டயருக்குள்ள இருக்கிற பஞ்சு அழுகிப்போச்சு. ஸ்க்ரூடிரைவரை எடுத்துட்டு இந்தப் பக்கம் வா.”

அன்றிலிருந்து எங்கள் சமையலறைத் திரை மூடவில்லை, ஏனென்றால் வேலைக்கு வெளிச்சம் வேண்டும். டயருக்குள் அடைக்க அவள் என்ன எடுத்தாள் தெரியுமா? கடையிலிருந்த முடிச் சுருட்டிகள், இளஞ்சிவப்புப் பஞ்சு உருளைகள். வெட்டி வெட்டித் திணித்தாள். ஒட்டுவதற்குப் போலி நகம் ஒட்டுகிற பசை. மேடு ஏறும்போது வண்டி பின்னால் சாயாமலிருக்க, பழைய அலமாரிக் கைப்பிடியை வளைத்து ஒரு வால் வைத்தேன். அது என் யோசனை, என் பெயரில் எழுதிக்கொள். கண்ணாடி மாதிரி இருக்கும் புது மேல்கூடு வாங்கி வந்தோம். மார்லா அதற்கு நகப்பூச்சு அடித்தாள். விடிந்து பார்த்தால் அது வறண்ட குளம் மாதிரி வெடித்துக் கிடக்கிறது. இன்னொன்று வாங்கி, சரியான பெயின்ட் வாங்கி, உள்பக்கமாகப் பூசவேண்டும் என்று கற்றுக்கொண்டோம். பெயர் எழுதும் பொறுப்பை என்னிடம் விட்டாள். ‘சுருட்டைச் சூறாவளி’. கூட்டின் உள்பக்கத்தில் அழகாக எழுதினேன். வெளியே திருப்பினால் எல்லா எழுத்தும் இடவலம் மாறி நிற்கிறது. நான் தலையில் கை வைத்துக்கொண்டேன். “விடு. முன்னால போறவன் கண்ணாடியில பார்த்துத் தெரிஞ்சுக்கட்டும், யார் முந்த வர்றாங்கன்னு” என்றாள். பயிற்சிக்கு வைத்திருந்த மரத்தலையிலிருந்து சிவப்புச் சுருட்டை விக் ஒன்றைக் கழற்றிக் கூரைமேல் ஒட்டினாள். ஓடும்போது அது பறக்கிற அழகை நீ பார்க்க வேண்டும்!

ஓட்டுவதுதான் அவளுக்குக் கஷ்டமாக இருந்தது. விசை இடது கைக்கு, அது சுலபம். திருப்புகிற சின்னச் சக்கரம் வலது கைக்கு. விரல் வழுக்கும், வண்டி வேலியில் முட்டும். கோபத்தில் ரிமோட்டை வீசுவாள். போய் எடுத்து வந்து கொடுப்பேன். மறுபடி வீசுவாள். மறுபடி போய் எடுத்து வருவேன். தண்ணீர் மீட்டர் பார்த்த காலத்தில் கற்ற பாடம் அது: கதவைச் சாத்தினால் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டுத் திரும்பி வரவேண்டும். ஜூலை கடைசியில் ஒரு மாலை, துணி காயப்போட்ட கயிற்றுக்கடியில் வளைத்து வளைத்து எட்டுப் போட்டாள். ஒரு துணியைக்கூடத் தொடவில்லை. திரும்பி என்னைப் பார்த்தாள். நான் பார்க்காத மாதிரி வானத்தைப் பார்த்தேன். 

இனி நேற்றைய கதை. இதைச் சொல்லத்தான் பேனாவையே எடுத்தேன். மாவட்டச் சந்தையில், பன்றிக் கொட்டகைக்குப் பின்னால் மண்மேடு கட்டிப் பலகை அடைத்து, சின்ன மான்ஸ்டர் டிரக்குகளுக்குப் போட்டி. ஆளுக்கு இரண்டு நிமிஷம், என்ன சாகசம் வேண்டுமானாலும் செய்யலாம். நடுவர், தானியக் கிடங்கு நடத்துகிற கேரி ஸ்டோல்ஸ். அவர் முன்னால் மேஜையில் பெரிய எலுமிச்சை ஜூஸ், தட்டைவிடப் பெரிய பன்றிக்கறி வறுவல் சாண்ட்விச். பூன் டாக்கெட் புது வண்டியோடு வந்திருந்தான். எங்களுடையதைப் பார்த்து, “மேடம், இது என் பழைய வண்டியா? தலையில என்ன, பூனை செத்துக் கிடக்கா?” என்றான். கூட்டம் சிரித்தது. மார்லா நிதானமாக அவனை ஏற இறங்கப் பார்த்தாள். “உன் தாடியை யாருப்பா வெட்டினது? புல் வெட்டுற மிஷினா? அந்த நாற்காலியில உக்காந்து உன் பொண்டாட்டிகிட்ட ஒருநாள் தலையைக் குடு.” இரண்டாவது தடவை கூட்டம் இன்னும் பலமாகச் சிரித்தது. பூன்தான் எல்லாரையும்விட அதிகமாகச் சிரித்தான்.

பூன் நன்றாகவே ஓட்டினான், மறைக்க மாட்டேன். பிறகு மார்லா. முதல் மேட்டிலேயே பறந்து விழுந்ததில் முன்பக்க இடது சக்கரம் கழன்று உருண்டு பன்றிகளிடம் போய்விட்டது.  “நிறுத்திடு மார்லா!” என்றேன். “நீ வாயை மூடு!” என்றாள். மூன்று சக்கரத்தில் ஓட்டினாள் அக்கா! கால் ஒடிந்த பக்கத்தைத் தூக்கிக்கொண்டு, பம்பரம் மாதிரிச் சுற்றி, வரிசையாக வைத்த தகரக் கார்களைப் பொடிப்பொடியாக்கி, சிவப்பு முடி பறக்க, புழுதி பறக்க! உட்கார்ந்திருந்தவர்கள் எழுந்துவிட்டார்கள். பாதிரியார் ஹார்ம்ஸ் பெஞ்சின்மேல் ஏறி நின்று விசிலடித்தார், என் கண்ணால் பார்த்தேன். அடுத்தது செங்குத்தான பலகை. நேராக அதில் ஏற்றினாள். வண்டி வானத்தைப் பார்த்து எழும்பி, பின்பக்கமாக ஒரு முழுக் குட்டிக்கரணம் போட்டு, மூன்று காலில் வந்து நின்றது.  பிறகு வந்த சத்தத்தில் பன்றிகளே பயந்துவிட்டன. “போதும், போதும்!” என்று நான் குதித்தேன். “இன்னும் நேரம் இருக்கு” என்றாள், பல்லைக் கடித்துக்கொண்டு. அந்தக் கடைசித் தாவல்தான் வினையாகிவிட்டது. வண்டி பலகைத் தடுப்பைத் தாண்டியது, சாண்ட்விச்சைத் தாண்டியது, எலுமிச்சை ஜூஸைத் தாண்டவில்லை.

கேரி ஸ்டோல்ஸ் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “எல்லைக்கு வெளியே போயிடுச்சு. தகுதி நீக்கம்!”

மார்லா தடுப்பைத் தாண்டி அவர் முன்னால் போய் நின்றாள். “என்னது? எல்லையா? கேரி, உன் கல்யாணத்துக்கு உனக்கு முடி வெட்டினது யாரு? உன் மூணு பிள்ளைங்களுக்கும் முதல் முடி எடுத்தது யாரு? குட்டிக்கரணம் போட்டப்ப நீ எழுந்து நின்னு கை தட்டினியா இல்லியா?”

“தட்டினேன் மார்லா, ஆனா சட்டம்னு ஒண்ணு...”

“சட்டமா!” என்று அவள் அவர் மூக்குக்கு நேராகக் கையை ஓங்கினாள்.

அடிக்கவில்லை. ஹெய்டிக்கு இதை நீ அழுத்திச் சொல். ஓங்கியது அப்படியே நின்றது. கேரி அந்தக் கையைப் பார்த்தார். நான் பார்த்தேன். அப்புறம் மார்லாவும் பார்த்தாள். வலது கை. முஷ்டி. கட்டைவிரல் வெளியே, மற்ற நாலும் இறுக மூடி, எலும்பு வெளுத்துத் தெரிந்தது. அவள் மெதுவாகத் திறந்தாள். மறுபடி மூடினாள். மறுபடி திறந்தாள். “டுவைட்” என்றாள், ரொம்ப மெல்லிய குரலில். நான் தடுப்பைத் தாண்டி ஓடினேன். இந்தத் தடவை கால்சட்டை கிழிந்தது, நான் நிற்கவில்லை. கேரி ஒன்றும் புரியாமல், “சரி சரி, அழாத மார்லா, ரெண்டாம் பரிசு வேணா தர்றேன்” என்றார். “வேணாம் கேரி, நீ சொன்னதுதான் சரி, எல்லைக்கு வெளியதான் போச்சு” என்று சொல்லி, வலது கையை நீட்டி அவரோடு கைகுலுக்கினாள். கேரி “ஐயோ, விடு, வலிக்குது” என்றார். முதல் பரிசு பூனுக்கு. அவன் கோப்பையைக் கொண்டுவந்து மார்லா கையில் கொடுத்து, “நாலு சக்கரத்துல யாரும் ஓட்டலாம் மேடம்” என்றான். அவள் வாங்கவில்லை. அவன் தாடியைப் பிடித்து இழுத்து, “செவ்வாய்க்கிழமை வா, நானே வெட்டி விடுறேன்” என்றாள்.

அன்புள்ள அக்கா, இதுதான் நடந்தது. இனி நீ கவலைப்பட ஒன்றும் இல்லை. வண்டியைக் கழுவித் துடைத்துக் கொட்டகையின் மேல் தட்டில் வைத்துவிட்டேன். நேற்றிரவு நானும் மார்லாவும் உட்கார்ந்து நிதானமாகப் பேசினோம். ‘ஆசை தீர்ந்தது, நம்ம வயசுக்கு இந்தக் குதியாட்டம் போதும், இனி எந்த டிரக்கும் வேண்டாம்’ என்று இரண்டு பேரும் ஒரே மனதாக முடிவு செய்திருக்கிறோம். இதை நீ ஹெய்டியிடம் தைரியமாகச் சொல்லலாம். இலையுதிர் காலத்தில் ஒழுங்கான, அடக்கமான, வயதுக்கேற்ற இரண்டு மனிதர்களாக உன் வீட்டுக்கு வந்து, உன் வராந்தாவில் உட்கார்ந்து, நீ தருகிற சர்க்கரையில்லாத தேநீரை முகம் சுளிக்காமல் குடிப்போம்.

உன் முழங்காலுக்கு விரைவில் பூரண குணம் கிடைக்கட்டும். பூனைகள் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாக என் அன்பு. தேவனின் கிருபை உன் வீட்டுக் கூரையின்மேலும் உன் தக்காளிகளின்மேலும் நிறைந்திருக்க வேண்டும் என்று மனதார வாழ்த்தும்,

உன் கீழ்ப்படிதலுள்ள தம்பி,
டுவைட்

பி.கு.: திங்கள் காலை. தபால்தலை ஒட்டிக்கொண்டிருந்தேன். ஜன்னல் கண்ணாடி அதிர்கிறது. மேஜையிலிருந்த காபி தானாக நகர்கிறது. நிலநடுக்கம் என்று நினைத்து வாசலுக்கு ஓடினேன். அக்கா, எங்கள் வீட்டு முன்னால் ஒரு டிரக் நிற்கிறது. நிஜ டிரக். சக்கரம் மட்டும் என் மார்பு உயரம். பழசு, துருப்பிடித்தது, ஒரு கதவைக் காணோம், புகை கறுப்பாக வருகிறது. அடடா, என்ன அழகு! எங்கே பிடித்தாள், என்ன கொடுத்தாள் என்று கேட்காதே, நானும் இன்னும் கேட்கவில்லை. இதற்கு ரிமோட் கிடையாது. மார்லா உள்ளே உட்கார்ந்து ஸ்டியரிங்கை இரண்டு கையாலும் இறுகப் பிடித்திருக்கிறாள். ஏணியைக் கொண்டுவரச் சொல்லிக் கத்துகிறாள். நீ இறங்குறதுக்கா என்று கேட்டேன். அவள் இறங்க இல்லையாம், நான் ஏறுவதற்காம்.